ஆய்வு நிதி விண்ணப்பங்களுக்கு நியாயமான, தரமான மதிப்பாய்வு எழுதுவது எப்படி?

முதல் தடவை மதிப்பாய்வுக்கு அழைத்திருக்கிறார்கள், எதைக் கவனிக்கணும் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் ஒன்றை விடவே கூடாது: நீங்கள் சொல்லும் ஒவ்வொரு குறைக்கும் விண்ணப்பத்தில் ஓர் இடத்தைக் காட்ட முடியணும். முடியாவிட்டால் அது வெறும் அபிப்பிராயம், எடுத்துவிடுங்கள்.

'மாதிரி அளவு போதாது' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அதை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தவர் எதைத் திருத்துவார்? நிதி யாருக்கு என்று முடிவு செய்யும் குழுவில் இருப்பவர்களுக்கும் அது உதவாது, ஏனென்றால் பெரும்பாலோர் அந்த விண்ணப்பத்தை ஆழமாகப் படித்திருக்க மாட்டார்கள், உங்கள் குறிப்பை நம்பித்தான் மதிப்பெண் போடுவார்கள். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'பிரிவுக்கு 20 பேர் என்ற கணக்கு, சிறிய முன்னோட்ட ஆய்வில் தெரிந்த வித்தியாசத்தை அப்படியே நம்புகிறது. உண்மையான வித்தியாசம் அதில் பாதிதான் என்றால் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். இரண்டாவது நோக்கமும் இந்த முடிவைச் சார்ந்தே இருக்கிறது.' இப்போது சிக்கல் என்ன, எவ்வளவு பெரிது, எதைப் பாதிக்கும் என்று எல்லோருக்கும் புரியும்.

அடுத்தது, திட்டத்தைப் படித்து உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்ட பிறகே விண்ணப்பித்தவரின் பெயர், நிறுவனம், கட்டுரைப் பட்டியல் பக்கம் போங்கள். கனடாவின் அரசு சுகாதார ஆய்வு நிதித் திட்டங்களை அலசி 2019ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், முன்மொழிந்த ஆய்வை மையமாக வைத்து மதிப்பிட்டபோது ஆண் பெண் வெற்றி விகித இடைவெளி 0.9 சதவீதப் புள்ளி, ஆய்வாளரின் தகுதியை மையமாக வைத்தபோது 4 சதவீதப் புள்ளி. கேள்வி ஆளைப் பற்றி மாறியதுமே சாய்வு கூடிவிடுகிறது, இதை நான் ரொம்பவே கவலையோடு பார்க்கிறேன்.

அப்புறம், சொல்லும் எண்ணும் ஒத்துப்போகணும். பாராட்டி எழுதிவிட்டு நடுத்தர மதிப்பெண் போட்டால், காரணம் தெரியாமல் ஒருவர் அடுத்த வருடம் முழுக்கத் தவிப்பார். ஆய்வையே கவிழ்க்கும் குறை எது, ஒரு மாதத்தில் சரிசெய்யக்கூடியது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். அளவுகோலின் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிதி நிறுவனமான என்ஐஎச்சில் 1 தான் மிகச் சிறந்தது, 9 மிக மோசம்.

விண்ணப்பத்தை ஏஐ கருவிகளில் ஏற்றாதீர்கள், ரகசியம் போய்விடும். மதிப்பாய்வாளர்கள் இப்படிச் செய்வதை என்ஐஎச் 2023லேயே தடை செய்துவிட்டது. உங்களுக்குத் தெரியாத நுட்பம் ஏதாவது இருந்தால், 'இந்தப் பகுதியை நான் மதிப்பிடவில்லை' என்று குறிப்பிலேயே எழுதிவிடுங்கள், அது தெரிந்த இன்னொருவரிடம் நிதி நிறுவனத்தார் கேட்டுக்கொள்வார்கள்.