டிஎன்ஏ வகுப்பும் தடயவியலும்: காவேரிப்பட்டினம் உயிரியல் டீச்சரின் கேள்வி பதில்

ஊத்தங்கரை ஆசிரியர்: டீச்சர், மாம்பழத்தில் டிஎன்ஏ எடுத்துக் காட்டலாமா?

எடுக்கலாம். மசித்த பழத்தில் தண்ணீர், ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, நுரை வராமல் கலக்கித் துணியில் வடிகட்டுங்கள். சோதனைக் குழாயைச் சாய்த்து, ஐஸ் தண்ணீரில் குளிரவைத்த சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஓரமாக ஊற்றினால் இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை இழை திரளும். அதில் பெக்டினும் (பழத்தில் இயற்கையாக உள்ள பசைப் பொருள்) கலந்திருக்கும், முழுக்க டிஎன்ஏ என்று சொல்லிவிடாதீர்கள். ஸ்பிரிட் பக்கத்தில் அடுப்பு கூடாது.

பென்னாகரம்: விரலைக் குத்தி ரத்த குரூப் பார்த்துக் 'குற்றவாளி'யைப் பிடிக்கும் விளையாட்டு?

கூடவே கூடாது. நோய்த்தொற்று ஒரு பக்கம், பிள்ளையின் குரூப் பெற்றோருடன் ஒத்துப்போகாமல் வீட்டில் பிரச்சினை வருவது இன்னொரு பக்கம்.

ஓசூர்: டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல் கருவி இல்லையே?

காகிதம் போதும். நம் டிஎன்ஏவில் சில இடங்களில் ஜிஏடிஏ போன்ற நான்கெழுத்துத் துண்டு அடுத்தடுத்துத் திரும்ப வரும். ஓர் இடத்தில் அம்மாவிடமிருந்து 8 முறை, அப்பாவிடமிருந்து 11 முறை வந்திருக்கலாம். நாலைந்து பேருக்கு இந்த எண்ணிக்கைக்கு ஏற்ற நீளத்தில் காகிதப் பட்டைகள் வெட்டுங்கள். காணாமல் போன மாங்கூழ் டப்பாவில் ஒட்டிய எச்சிலில் கிடைத்ததாக வைத்த பட்டையுடன் பிள்ளைகள் ஒப்பிடட்டும்.

அரூர் வக்கீல்: பொருந்தினால் அவர்தான் திருடன். சரிதானே டீச்சர்?

இல்லை சார். எச்சில் யாருடையது என்பதுதான் தெரியும். ஜெர்மனியில் பல குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைக்க, போலீஸ் அவரைப் பல வருடம் தேடியது. மாதிரி எடுத்த பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்திலேயே அவருடைய டிஎன்ஏ ஒட்டியிருந்தது என்பது 2009ல் தெரிந்தது.

அரூர் வக்கீல்: இங்கிலாந்தில் கொலைகாரன் பிட்ச்ஃபோர்க்கைப் பிடித்தது டிஎன்ஏதானே?

அதே வழக்கில், செய்யாத கொலையை ஒப்புக்கொண்ட 17 வயதுப் பையனை முதலில் விடுவித்ததும் டிஎன்ஏதான். பிட்ச்ஃபோர்க் டிஎன்ஏ சோதனைக்குத் தன் பெயரில் வேறொருவரை ரத்தம் கொடுக்கவைத்துத் தப்பித்துவிட்டார். ரத்தம் கொடுத்த ஆள் மதுக்கடையில் வாயைவிட்டதால்தான் பிட்ச்ஃபோர்க் 1987ல் மாட்டினார். இதை வகுப்பில் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் பாதிப் பாடத்தோடு போய்விடுவார்கள்.

பாலக்கோடு: மாம்பழத்துக்குப் பதில் பப்பாளி?

முதல் பதிலைப் படியுங்கள். பப்பாளிக்கும் அதேதான், அடுப்பு கூடாது என்பதும் சேர்த்து.

தேன்கனிக்கோட்டை: தந்தை யார் என்று பார்க்கும் சோதனை எங்கே செய்யலாம்?

வகுப்புக்கான கேள்வி இல்லை. வக்கீலைப் பாருங்கள்.

பர்கூர்: மாங்கூழ் விளையாட்டில் எப்படி முடிப்பது?

டப்பாவை அடுக்கி வைத்த பெண்ணுடைய பட்டையே பொருந்தும்படி வையுங்கள். அவர் எடுத்தாரா இல்லையா என்று வகுப்பு வாதாடட்டும்.