பேசாத பையன் பைலட் ஆகலாமா?

"பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் இரண்டிலும் நல்ல மார்க். ஆனால் பெரியவர்கள் முன்னால் வாயே திறக்கமாட்டான். இவனைப் பைலட் பயிற்சியில் சேர்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் சேர்க்கலாம் அம்மா. காக்பிட்டில், அதாவது விமானி அறையில், வளவளவென்று பேசுகிறவரை யாரும் தேடுவதில்லை. சொல்லியே ஆகவேண்டிய நேரத்தில் சொல்வானா, அதைத்தான் பார்ப்பார்கள்.

1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் அருகே யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம் ஒன்று வானில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகத்திலேயே கேப்டனின் கவனம் முழுக்க இருந்தது. எரிபொருள் குறைவது காக்பிட்டில் இருந்த மற்ற இருவருக்கும் தெரியும். பேச்சுவாக்கில் சொல்லவும் செய்தார்கள். "இப்போதே இறங்கியாக வேண்டும்" என்று அடித்துச் சொல்லத்தான் ஆளில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். அந்த நிறுவனம் 1981-இல் தொடங்கிய குழுப் பயிற்சிதான் இன்று சிஆர்எம் (க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்) என்ற பெயரில் உலகெங்கும் விமானிகளுக்குக் கட்டாயம்.

கேப்டனுக்கும் இதே பாடம் உண்டு, அவர் கேட்டுக்கொள்ளப் பழக வேண்டும். 2010-இல் மங்களூரில் துணை விமானி 'கோ அரவுண்ட்' (இறங்காமல் மறுபடி மேலே ஏறுங்கள்) என்று சொல்லியும் கேப்டன் இறங்கப் பார்த்தார். 158 உயிர்கள் போயின.

இந்தச் சிஆர்எம் பயிற்சி வகுப்பறையோடு முடியாது. விமானம் போலவே இயங்கும் சிமுலேட்டரில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். வேகமோ உயரமோ தப்பினால் கண்காணிப்பவர் உடனே குரல் கொடுக்க வேண்டும். இரண்டு முறை சொல்லியும் பதில் இல்லையென்றால், "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு சீனியராக இருந்தாலும். அப்புறம் உட்கார்ந்து, யார் எதை எப்போது கவனித்தார், ஏன் சொல்லவில்லை என்று பயிற்றுநர் துருவித் துருவிக் கேட்பார். நம் வீட்டுப் பிள்ளைகள் திணறுவது இங்கேதான். 'பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே' என்று சொல்லித்தானே வளர்த்திருக்கிறோம்!

அதனால் இப்போதே கொஞ்சம் பழக்குங்கள். கார் தப்பான வழியில் போனால், "அப்பா, இது வழியில்லை, அடுத்த திருப்பத்தில் திரும்புங்கள்" என்று அவன் சொல்லட்டும். கோபப்பட வேண்டாம் என்று கணவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கல்லூரியில் என்சிசியோ வாலிபாலோ இருந்தால் விடவேண்டாம்.

பயிற்சிப் பள்ளிக்கு லட்சக்கணக்கில் பணம் கட்டும் முன், விமானிகளுக்கான கிளாஸ் 2, கிளாஸ் 1 மருத்துவப் பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். கண்ணிலோ காதிலோ சிக்கல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.