இன்டர்போல் கைது செய்யுமா? கேள்வி பதில்

கேள்வி: சார், சினிமாவில் இன்டர்போல் ஆபீசர் துப்பாக்கியோடு வந்து இறங்குகிறாரே, நிஜத்திலும் அப்படித்தானா?

பதில்: டைரக்டருக்கு வசதி, அவ்வளவுதான். இன்டர்போலுக்குக் கைது செய்யும் அதிகாரமே கிடையாது. பிரான்ஸின் லியோன் நகரில் தலைமையகம், 196 உறுப்பு நாடுகள். நாடுகளுக்கு இடையே தகவலைக் கொண்டு சேர்ப்பதுதான் வேலை. ஆளைப் பிடிப்பது உள்ளூர் போலீஸ்.

கேள்வி: தமிழ்நாடு போலீஸ் நேராக லியோனுக்கு எழுதலாமா?

பதில்: முடியாது, சிபிஐ வழியாகத்தான் போக வேண்டும். இன்டர்போலோடு தொடர்பு வைக்க ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் ஒரு தேசிய மத்திய பணியகம் உண்டு; இந்தியாவில் அது சிபிஐதான். இதற்கென்றே 2025 ஜனவரியில் 'பாரத்போல்' என்ற இணையதளம் தொடங்கினார்கள்.

கேள்வி: ரெட் நோட்டீஸ் வந்துவிட்டால் எந்த நாட்டிலும் தப்ப முடியாது, சரிதானே?

பதில்: அது வாரண்ட் இல்லைங்க. 'எங்கள் நாட்டில் இவர் மேல் வாரண்ட் இருக்கிறது, கண்டால் பிடித்து வையுங்கள், நாடு கடத்தக் கேட்போம்' என்கிற வேண்டுகோள். அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் முடிவு செய்யும். வெறும் ரெட் நோட்டீஸை வைத்து அமெரிக்காவில் கைது செய்ய மாட்டார்கள்.

கேள்வி: அரசாங்கத்துக்குப் பிடிக்காதவர் மேல் போட்டால்?

பதில்: அரசியல், ராணுவ, மத, இன விவகாரங்களில் தலையிடக் கூடாது என்று அமைப்பு விதியின் 3ஆம் பிரிவு தடுக்கிறது. ஏட்டில் சரி. ஹக்கீம் அல் அரைபி கதையைப் பாருங்கள். பஹ்ரைன் கால்பந்து வீரர், ஆஸ்திரேலியாவில் அகதி. 2018 நவம்பரில் மனைவியோடு தேனிலவுக்கு பாங்காக் போனவரை விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். பஹ்ரைன் கேட்டு வந்த ரெட் நோட்டீஸ். தப்பி வந்த நாடே கேட்டால் அகதி மேல் ரெட் நோட்டீஸ் கூடாது என்பது இன்டர்போலின் கொள்கை. அவர் வருகிறார் என்று தாய்லாந்துக்குச் சொன்னது யார் தெரியுமா? அடைக்கலம் கொடுத்த ஆஸ்திரேலியாவின் போலீஸ்! சில நாளில் இன்டர்போல் நோட்டீஸை ரத்து செய்துவிட்டது. ஆனால் பஹ்ரைன் நாடு கடத்தல் மனு போட்டதால், 2019 பிப்ரவரி 11 வரை சிறைதான். நோட்டீஸ் போனாலும் வழக்கு போகாது என்பதை ஆஸ்திரேலிய விளையாட்டு உலகமே திரண்டு குரல் கொடுத்த பிறகும் பல வாரம் பார்த்தோம்.

கேள்வி: தவறாகப் போட்டால் எங்கே முறையிடுவது?

பதில்: இன்டர்போல் கோப்புகளைக் கண்காணிக்கும் தனி ஆணையம் இருக்கிறது. சம்பந்தப்பட்டவரே எழுதலாம், கட்டணம் இல்லை. பதில் உடனே வரும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, வளைகுடாவுக்கு வேலைக்குப் போன தம்பியிடமிருந்து தகவலே இல்லை. இன்டர்போல் உதவுமா?

பதில்: காணாமல் போனவர்களுக்கு மஞ்சள் நோட்டீஸ் உண்டு. முதலில் உள்ளூர் ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்கும் இன்றே எழுதுங்கள், பாஸ்போர்ட் நகலும் சமீபத்திய போட்டோவும் சேர்த்து.