வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கோடைகால அறிவியல்

கேள்வி: பதினொன்றும் எட்டும் வயதான என் பிள்ளைகள் இருவருக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறேன். கடையில் விற்கும் அறிவியல் பெட்டிகளை வாங்கிக் கொடுத்தால், ஒரே நாளில் விளையாடி முடித்துப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். இந்தக் கோடையில் வீட்டில் இருப்பதை வைத்தே என்ன செய்யலாம்?
– வாசகி, காட்பாடி

பதில்: அந்தப் பெட்டிகளோடு வரும் தாளிலேயே விடையும் அச்சாகியிருப்பதால், பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. நாளுக்கு நாள் மாறுவதும், அளந்தால் மட்டுமே தெரிவதுமான ஒன்றை அவர்கள் கையில் கொடுங்கள். வேலூர்ப் பக்கத்தில் அதற்கு வெயிலைவிடச் சிறந்த பொருள் கிடையாது.

மொட்டைமாடியில் சமதளமான ஓரிடத்தில், 30 சென்டிமீட்டர் உயரமுள்ள குச்சி ஒன்றைக் களிமண்ணிலோ மணல் நிரப்பிய டப்பாவிலோ நட்டு, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். காலை 11.30 முதல் பகல் 1 மணி வரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறிக்கச் சொல்லுங்கள். இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகள் நிழலில் இருக்கட்டும். நிழல் மிகக் குறுகும் நேரம் 12 மணியாக இருக்காது. ஏப்ரல் கடைசியில் அது ஏறத்தாழ 12.12 ஆக இருக்கும். நம் கடிகாரம் காட்டுவது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தை, வேலூரோ 79.1 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் சூரியன் நம் உச்சிக்கு வர 13 நிமிடத்துக்குச் சற்று மேல் பிந்துகிறது. அந்த வாரத்தில் சூரியன் ஓரிரு நிமிடம் முந்துவதால் 12.12 ஆகிறது. இந்தக் கணக்கை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். ‘ஏன் 12 மணிக்கு இல்லை?’ என்று பெரியவன் கேட்கும் வரையில் காத்திருங்கள்.

வேலூர் 12.9 பாகை வட அகலாங்கில் (அட்சரேகையில்) இருப்பதால், ஏப்ரல் 24-ஆம் தேதியை ஒட்டி சூரியன் நமக்கு நேர்மேலே வரும்; அந்த நேரத்தில் குச்சியின் நிழல் அதன் அடிக்குள்ளேயே அடங்கிவிடும். அதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் சேர்த்தே அளந்து வையுங்கள். பெரியவர்களில் பலரும் கவனித்திராத ஒன்று அதன்பிறகுதான் தொடங்குகிறது. அதுவரை உச்சிவேளையில் வடக்கே விழுந்துகொண்டிருந்த நிழல் தெற்கே விழத் தொடங்கி, மே மாதம் 24-ஆம் தேதி வாக்கில் நான்கு சென்டிமீட்டரையும், ஜூன் 21 அன்று ஐந்தரை சென்டிமீட்டரையும் எட்டும். பிறகு குறைந்துகொண்டே வந்து ஆகஸ்ட் 18-ஆம் தேதியை ஒட்டி மறுபடி மறையும். வாரம் ஒருநாள் அளந்தாலே போதும். தேதி, நேரம், நீளம், திசை என நான்கு கட்டங்கள் போட்ட ஒரு நோட்டு கோடை முழுவதற்கும் வேலை கொடுக்கும்.

கன்னியாகுமரிப் பக்கம் உறவினர் யாரேனும் இருந்தால், அவர்களும் அதே நாளில் அதே உயரக் குச்சியின் மிகக் குறுகிய நிழலை அளந்து தொலைபேசியில் சொல்லட்டும். குச்சியையும் நிழலையும் செங்கோண முக்கோணமாகத் தாளில் வரைந்து, குச்சியின் நுனியில் வரும் கோணத்தை அளந்தால் அதுவே சூரியக் கோணம். இரண்டு ஊர்களின் சூரியக் கோணங்களுக்கும் இடையே கிட்டத்தட்ட ஐந்து பாகை வேறுபாடு வரும். தேசப்படத்தில் நேர் வடக்கு–தெற்காக அளந்தால் கிடைக்கும் தொலைவு 540 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சாலைவழித் தூரத்தை எடுத்தால் கணக்குத் தப்பும். அவ்வளவு கோணத்துக்கு அவ்வளவு தொலைவு என்றால், 360 பாகைக்கு எவ்வளவு என்று பெரியவனே பெருக்கிப் பார்க்கட்டும். பூமியின் சுற்றளவான 40,000 கிலோமீட்டரை ஒட்டி விடை வரும். நிழலைப் பார்ப்பதுதான் வேலை. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கத்திரி வெயிலில் பேத்தியை வெளியே அனுப்ப மனம் வரவில்லை. அவளுக்கு ஆறு வயது. வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியதாக ஏதேனும் சொல்லுங்கள்.
– வாசகர், குடியாத்தம்

பதில்: ஐயா, தாங்கள் தயங்குவது நியாயமே. காலை ஒன்பது மணிக்குப் பிறகும் மாலை ஐந்து மணிக்கு முன்பும் சிறு பிள்ளைகளை வெளியே விடாதிருப்பதே நல்லது. வீட்டில் இருக்கும் மண்பானையிலிருந்து தொடங்குங்கள். மண்பானையிலும் எவர்சில்வர் குடத்திலும் சம அளவு தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காலையிலும் மாலையிலும் இரண்டின் வெப்பத்தையும் பேத்தியை விட்டே பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது, உடற்சூட்டை ஒட்டிய வெப்பத்தை மட்டுமே அது காட்டும். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் 0 முதல் 100 பாகை வரை காட்டும், பாதரசம் இல்லாத, சிவப்புத் திரவ வெப்பமானி கிடைக்கும்.

பானையை எடை போட்டு வைத்தால் மாலையில் எடை குறைந்திருக்கும். கசிந்து ஆவியாகிப் போன தண்ணீர், போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. 100 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 240 கிலோஜூல் வெப்பம் தேவை. வெளிச்சூடு உள்ளே வராதிருந்தால், பத்து லிட்டர் தண்ணீரை ஐந்து பாகைக்கு மேல் குளிர்விக்க அது போதும். இந்த எண்கள் தங்களுக்காக. அவளுக்கு, தொட்டுப் பார்த்தால் எது சில்லென்று இருக்கிறது என்பதே முதல் பாடம். பிறகு ஒரு நாள் பானையை ஜன்னலோரம் வையுங்கள், மறுநாள் காற்றுப் புகாத மூலையில் வையுங்கள். பழம்பானை ஒன்று இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு, பானையின் நுண்துளைகளில் படிந்து அடைத்துவிடுவதால், புதுப்பானை அளவுக்கு அது குளிராது. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால், சென்னையில் இருப்பவர்கள் வீட்டுப் பானையும் நம்முடையதுபோல் குளிராது. இதை அவளே தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வண்ணம் பிடிக்கும் வயது என்பதால் இன்னொன்று. மஞ்சள்தூளைக் குழைத்துக் காகிதத்தில் பூசிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரால் அதன்மேல் எழுதச் சொல்லுங்கள். எழுத்து சிவப்பாகத் தெரியும். எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். வெற்றிலைச் சுண்ணாம்பை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், கண்ணில் பட்டால் பெரும் தீங்கு செய்யும்.

கேள்வி: பாலாற்றில் ஊற்றுத் தோண்டி, அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மகன் அடம்பிடிக்கிறான். அழைத்துப் போகலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: வேண்டாம். மணல் அள்ளிய குழிகள் சரிந்து விழக்கூடியவை; தோல் பதனிடும் கழிவால் நம் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பல இடங்களில் கெட்டிருப்பதும் தாங்கள் அறிந்ததே. வாயகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் மணலை நிரப்பி, பக்கவாட்டில் துளைகள் இட்ட குழாய்த் துண்டு ஒன்றை நடுவில் நட்டு, ஓரமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மேல்மணல் உலர்ந்து கிடக்கும்போதே குழாய்க்குள் தண்ணீர் ஏறி நிற்பதை அவன் காண்பான். வறண்ட ஆற்றில் ஊற்றெடுப்பது இவ்வாறே.

கேள்வி: காவலூர் தொலைநோக்கியைக் காட்டப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். முன்கூட்டியே அவர்களை எப்படித் தயார் செய்வது?
– வாசகி, ஆற்காடு

பதில்: நல்ல எண்ணம். ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் ஒன்றுபட்ட வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019-இல் மாவட்டம் பிரிந்தபின் திருப்பத்தூருக்குச் சென்றது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்த ஒளி விட்டுவிட்டு மங்கியதை அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் பதிவு செய்தார்கள். அன்றைய பதிவுகளிலிருந்துதான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது உலகுக்குத் தெரிந்தது. 2.3 மீட்டர் பெரிய தொலைநோக்கி 1986-இல் வந்தது.

போகும் முன் வெறுங்கண்ணால் வானம் பார்க்கப் பழக்குங்கள். கோணமானியின் நேர்விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, நடுப்புள்ளியிலிருந்து நூலில் சிறு கல்லைத் தொங்கவிட்டு, ஸ்ட்ரா வழியாகத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்தால், நூல் ஏறத்தாழ 77 பாகையில் நிற்கும். 90-இலிருந்து அதைக் கழித்தால் வரும் 13-தான் நம் ஊரின் அகலாங்கு. வடக்கே குன்று மறைக்காத இடமாகத் தேர்ந்துகொள்ளுங்கள். மே நடுவில் இரவு ஒன்பது மணியளவில், தென்சிலுவை விண்மீன் கூட்டம் தெற்கே தாழ்வாக நிற்கும். வட இந்தியாவில் பெரும்பகுதியினருக்கு அது எளிதில் வாய்க்காத காட்சி. காவலூரில் பார்வையாளர்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் கேட்டறிந்துகொண்டு புறப்படுங்கள். வானம் மேகமூட்டமாக இருந்தால் தொலைநோக்கியில் எதுவும் காண முடியாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

கேள்வி: இப்படியெல்லாம் செய்தால் நாளைக்குத் தேர்வு எழுதும்போது பயன்படுமா?
– வாசகி, இராணிப்பேட்டை

பதில்: பயன்படும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகள் உண்டு. 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். அதில் அறிவியல் பாடத்துக்குச் செய்முறைத் தேர்வும் சேர்ந்தே வருகிறது. அளந்ததைக் கட்டம் போட்டு எழுதவும், அளவு தவறியிருந்தால் அழிக்காமல் கோடிட்டு அடித்துப் பக்கத்தில் திருத்தவும் இப்போதே பழக்கிவிடுங்கள்.