சிங்க்வே தெர்ரேயைக் காட்டாமல் திரும்பிய பஸ்: பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: ஜேர்மனியில் டோர்ட்முண்டில் வசிக்கிறோம். கடந்த மே மாதம் நான், கணவர், மகள், என் அம்மா நாலு பேரும் இத்தாலி, பிரான்ஸ் கடலோரத்துக்கு எட்டு நாள் பஸ் சுற்றுலா போனோம். ஆளுக்கு 980 யூரோ. புறப்பட 12 நாள் இருக்கும்போது டீசல் விலை ஏறிவிட்டது என்று ஆளுக்கு இன்னும் 45 யூரோ வாங்கினார்கள். சான்ரெமோவில் கடலிலிருந்து 200 மீட்டரில் ஹோட்டல் என்று போட்டிருந்தது. ஐந்து இரவும் தங்கவைத்ததோ 12 கிலோமீட்டர் தள்ளி ஒரு மலைக் கிராமத்தில். ஞாயிற்றுக்கிழமை கடல் கொந்தளிப்பால், இத்தாலிக் கடலோரத்தில் ஐந்து சிற்றூர்கள் சேர்ந்த சிங்க்வே தெர்ரேக்குப் படகு ஓடவில்லை. பக்கத்து நகரமான லா ஸ்பெட்சியாவில் நாலு மணி நேரம் இறக்கிவிட்டுத் திரும்பக் கூட்டிவந்தார்கள். அன்று காலை 8 மணிக்குப் புறப்பட்ட பஸ் இரவு 10.30க்குத்தான் ஹோட்டலுக்கு வந்தது. அதனால் திங்கட்கிழமை 8 மணிக்குப் பதில் 9.30க்குக் கிளம்பி, நீஸ் பழைய நகரத்தில் மூன்று மணி நேரமும் பூச்சந்தையும் என்றது 50 நிமிடமாகச் சுருங்கியது. பஸ்ஸின் கழிப்பறை போகும் இரண்டு நாளும் வரும் இரண்டு நாளும் பூட்டியே கிடந்தது. அம்மாவுக்கு நீரிழிவு. ஹோட்டல் பற்றி அன்றிரவே வழிகாட்டிக்குப் படத்தோடு வாட்ஸ்அப் அனுப்பினேன். கழிப்பறை பற்றி ஓட்டுநரிடம்தான் சொன்னேன். இப்போது நிறுவனம், “ஒரு மாதத்துக்குள் எழுதவில்லை, கடலுக்கும் ஓட்டுநர் ஓய்வுச் சட்டத்துக்கும் நாங்கள் பொறுப்பில்லை” என்று சொல்லி 100 யூரோ வவுச்சர் அனுப்பியிருக்கிறது. வாங்கிக்கொள்வதா?

பதில்: வவுச்சரைத் தொடாதீர்கள். கூட வந்த கடிதத்தில் “இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன” என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதைப் பயன்படுத்திய நாளே நீங்கள் சமரசத்துக்குச் சம்மதித்துவிட்டதாக வாதிடுவார்கள்.

“ஒரு மாதம்” என்பது செத்துப்போன விதி. 2018 ஜூலை 1க்கு முந்தைய ஜேர்மன் சட்டத்தில் அப்படி ஒரு கெடு இருந்தது. புதிய பயணச் சட்டம் அதை எடுத்துவிட்டது. பழைய படிவக் கடிதங்களை இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், நிறையப் பேர் அதைப் படித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். இன்றைய கெடு இரண்டு வருடம், அதுவும் ஒப்பந்தப்படி பயணம் முடியவேண்டிய நாளிலிருந்து. சிறிய எழுத்தில் எதை எழுதியும் அதைக் குறைக்க முடியாது.

உண்மையில் உங்களுக்குத் தடையாக வரக்கூடியது வேறு: ஜேர்மன் சிவில் சட்டக்கோவையின் 651-ஓ பிரிவு. குறையை அங்கேயே, உடனே அறிவிக்கவேண்டும். உங்கள் தவறால் அறிவிக்காமல் விட்டு, அதனால் அவர்களால் சரிசெய்ய முடியாமல் போயிருந்தால், விலைக் குறைப்பும் இழப்பீடும் போய்விடும். வாய்ச்சொல்லே போதும், ஆனால் நிரூபிக்கவேண்டியது நீங்கள். ஹோட்டல் விஷயத்தில் வாட்ஸ்அப் படம், நேரம் எல்லாம் இருப்பதால் கவலையில்லை. கழிப்பறையில்தான் இடறும். பஸ் பெரும்பாலும் வேறு கம்பெனியினுடையது, ஓட்டுநரும் அவர்கள் ஆள். அவரிடம் சொன்னது நிறுவனத்திடம் சொன்னதாகாது என்பார்கள். அதே பஸ்ஸில் முன்னிருக்கையில் வழிகாட்டியும் இருந்தார், நாலு நாளும் பூட்டிக் கிடந்ததை அவர் அறியாதிருக்க முடியாது என்பது உங்கள் பதில். கூட வந்தவர்கள் இரண்டு பேரிடம் இப்போதே ஒரு பக்கம் எழுதி, கையெழுத்தும் முகவரியும் வாங்கிவையுங்கள். (இனிப் போகும்போது, பதிவுசெய்த பயண முகவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டாலும் போதும். சட்டப்படி அதுவும் நிறுவனத்துக்குச் சொன்ன கணக்குத்தான்.)

கடல் கொந்தளித்தது யார் குற்றமுமில்லை, சரி. ஆனால் 651-எம் பிரிவின் விலைக் குறைப்பு யார் குற்றம் என்று கேட்பதே இல்லை. விற்றது கிடைக்கவில்லை என்றால் அதற்கான பணம் திரும்பவேண்டும். தவிர்க்கமுடியாத அசாதாரண நிலைமை என்ற சாக்கு இழப்பீட்டுக்குத்தான் தடை. அதோடு, படகு ஓடாத நாளில் சிங்க்வே தெர்ரே எட்டாத ஊரும் அல்ல. லா ஸ்பெட்சியா நிலையத்தில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் முதல் ஊரான ரியோமஜோரே. லெவாந்தோ வரை ரயில் பாதை ஐந்து ஊரையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. பெரிய பஸ்கள் அந்த ஊர்களுக்குள் இறங்க வசதியில்லாததால் குழுக்கள் வழக்கமாகவே லா ஸ்பெட்சியாவில் ரயிலுக்கு மாறும். நாலு மணி நேரம் கையிலிருந்தும் குழுவை ரயிலில் ஏற்றாதது கடலின் வேலையில்லை, வழிகாட்டியின் வேலை. நிறுவனத்துக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் இந்த வரியைக் கட்டாயம் எழுதுங்கள். உங்கள் குழுவில் யாராவது வழிகாட்டியிடம் மாற்று வழி கேட்டு, அவர் மறுத்த பின் சொந்தமாக டிக்கெட் எடுத்துப் போயிருந்தால், அவர்கள் அந்தச் செலவையும் கேட்கலாம்.

ஓட்டுநர் ஓய்வு என்ற பதிலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும், ஏனென்றால் கேட்பவர் வாயை அடைக்க இதுதான் அதிகம் பயன்படுகிறது. ஐரோப்பிய ஒழுங்குவிதி 561/2006 படி ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு தரம் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை. வேலை தொடங்கியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் 11 மணி நேர ஓய்வு. இரண்டு வாராந்த ஓய்வுகளுக்கு இடையில் மூன்று தரம் இதை 9 ஆகக் குறைக்கலாம். உங்கள் ஓட்டுநர் காலை 8க்குத் தொடங்கி இரவு 10.30க்கு முடித்தார். அடுத்த காலை 8 வரை ஒன்பதரை மணி நேரம். குறைத்த ஓய்வுக்கு அதுவே போதும், திங்கள் 8க்கே கிளம்பியிருக்கலாம். 9.30 வரை காத்திருந்தால் 11 மணி நேரம் ஆகும்தான், ஆனால் ஞாயிறு காலை 8இலிருந்து 24 மணி நேரத்துக்குள் அது முடியாததால் அந்தக் கணக்கு ஒன்றும் நேராகிவிடாது. மூன்று தரமும் ஏற்கனவே தீர்ந்திருந்தது என்று சொல்வார்களானால், ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு நீண்ட நாளை ஏன் போட்டீர்கள் என்று கேளுங்கள். சான்ரெமோவிலிருந்து லா ஸ்பெட்சியா ஏறத்தாழ 250 கிலோமீட்டர், போகவர ஆறு மணி நேர ஓட்டம். அட்டவணை போட்டவருக்கு இது தெரிந்திருக்கவேண்டும். களைத்த ஓட்டுநரை ஓட்டச்சொல்லிக் கேட்க நான் சொல்லவில்லை. இரண்டாவது ஓட்டுநரை வைப்பது அவர்கள் செலவு என்கிறேன், அவ்வளவுதான்.

பூச்சந்தை இன்னும் சுலபம். நீஸில் கூர் சலேயா பூச்சந்தை திங்கட்கிழமை கூடாது, அன்று பழம்பொருள் சந்தை. பஸ் எத்தனை மணிக்கு வந்திருந்தாலும் நீங்கள் பூவைப் பார்த்திருக்க முடியாது.

ஹோட்டலை மாற்றும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். சிறு மாற்றத்துக்குத்தான் அது செல்லும். அதே நட்சத்திரம் என்பதால் கடலோர நகரமும் மலைக் கிராமமும் ஒன்றாகிவிடாது.

டீசல் 45 யூரோவுக்கு வாதமே தேவையில்லை. 651-எஃப் படி விலையேற்றத்தைக் கணக்கோடு, புறப்பட 20 நாளுக்குக் குறையாமல் அறிவிக்கவேண்டும். 12 நாள் என்றால் செல்லாது. நாலு பேருக்கு 180 யூரோ முழுதும் திரும்பவேண்டும்.

கணக்கு: 3,920 யூரோவை எட்டால் வகுத்தால் நாளுக்கு 490. ஹோட்டலுக்கு ஐந்து நாளில் 20 சதவீதம், 490 யூரோ. 1980களில் ஃபிராங்க்ஃபர்ட் மாநில நீதிமன்றம் வெளியிட்ட அட்டவணையில் கடற்கரைத் தூரம் மாறினால் 5 முதல் 15 சதவீதம். அது யாரையும் கட்டுப்படுத்தாது, இங்கே ஊரே மாறிவிட்டதால் 20 கேட்பதில் தவறில்லை. ஞாயிறுக்குப் பாதி, 245. நீஸுக்குக் கால்வாசி, 122.50. கழிப்பறைக்கு நாலு நாளில் 10 சதவீதம், 196. ஆக 1,053.50, டீசலையும் சேர்த்தால் 1,233.50 யூரோ. கெட்டுப்போன விடுமுறைக்கான தனி இழப்பீட்டைக் கேட்கவேண்டாம். நீதிமன்றங்கள் அதற்குப் பொதுவாகப் பயணத்தின் பாதி பெறுமதி போயிருப்பதைத்தான் அளவாகப் பார்க்கின்றன, உங்களுடையது 27 சதவீதத்துக்குள். மிகைப்படுத்தினால் நல்ல புள்ளிகளும் வலுவிழக்கும். நீஸில் நேரம் குறைந்ததை நீங்கள் அங்கேயே சொல்லவில்லை என்பதால் அதிலும் கழிப்பறையிலும் கொஞ்சம் வெட்டுவார்கள். 900 யூரோவுக்கு அவர்கள் வந்தால் ஒத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

கடிதத்தில் பதிவு எண், நாலு பேர் பெயர், நாள் வாரியாகக் குறை, யாரிடம் எப்போது சொன்னீர்கள், தொகை, வங்கிக் கணக்கு, இரண்டு வாரக் கெடுவைத் திகதியாகவே எழுதுங்கள். நீங்கள் பதிவுசெய்தவர் என்பதால் குடும்பத்துக்கும் சேர்த்து நீங்களே கேட்கலாம். தனியாகப் பதிவுசெய்த நண்பர்கள் தாங்களே எழுதவேண்டும்.

பதில் வராவிட்டால் அம்ட்ஸ்கெரிஷ்ட், அதாவது உள்ளூர்க் கீழ்நிலை நீதிமன்றம். இந்தத் தொகைக்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. நிறுவனம் மியூனிக்கில் இருந்தாலும் அங்கே அலையவேண்டாம்: வெளிநாட்டுப் பயணமாக இருந்தால், நிறுவனமும் நுகர்வோரும் ஒரே நாட்டில் இருந்தாலும் நுகர்வோர் தம் வசிப்பிட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 ஜூலை 29 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே டோர்ட்முண்டிலேயே போடுங்கள். வருமானம் குறைவென்றால் முதலில் அதே நீதிமன்றத்தில், வழக்கறிஞரிடம் குறைந்த செலவில் ஆலோசனை பெற உதவும் ஆலோசனைச் சான்று கேளுங்கள். அதோடு போனால் வழக்கறிஞருக்கு நீங்கள் கொடுக்கவேண்டியது 15 யூரோ. வவுச்சரைக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பி, இரண்டின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.