அறநெறியா, மதிப்பீடா: ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவிக்கு

முனைவர் பட்டத்துக்கு ஆலோசனைத் துறையின் (கவுன்சலிங்) அறநெறியை எடுப்பதா, தேர்வு, வினாத்தாள் வழியாக ஒருவரை அளக்கும் மதிப்பீட்டு முறைகளை எடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள். அறநெறியைப் படித்தால் வேலை கிடைக்காது, புள்ளியியல் படித்தால்தான் மதிப்பு என்று வீட்டில் சொல்வதையும் எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால், இரண்டையும் பிரிக்கவே வேண்டாம்.

ஏன் என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன். அமெரிக்காவில் எட்வர்ட் ஸ்ட்ராங் என்ற உளவியலாளர் 1927-ல் தொழில் விருப்பத்தை அளக்கும் வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார். ஒரு தொழிலில் நிலைத்திருப்பவர்களின் விருப்பு வெறுப்புகளோடு உங்கள் விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அது பார்க்கும். 1933-ல் பெண்களுக்கென்று தனித்தாள் வந்தது. பின்னாளில் ஆண்களுடையது நீலம், பெண்களுடையது இளஞ்சிவப்பு. ஒப்பிடுவதற்குக் கொடுத்த தொழில்களின் பட்டியலே இரண்டிலும் வேறு வேறு. தன் தாளில் இல்லாத தொழில் தனக்குப் பொருந்துமா என்று ஒரு பெண்ணுக்கு அது சொல்லவே முடியாது. 1974-ல்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அத்தனை ஆண்டுகளும் அதைப் பயன்படுத்திய ஆலோசகர்களில் பெரும்பாலோர் எந்த விதியையும் மீறவில்லை, யாரையும் ஏமாற்றவும் நினைக்கவில்லை. அநீதி கருவியின் அமைப்பிலேயே இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அளவியல், அதாவது ஒரு தேர்வு எதை எவ்வளவு சரியாக அளக்கிறது என்று ஆராயும் துறை, தெரிய வேண்டும். அது தவறு என்று சொல்ல அறநெறி தெரிய வேண்டும். அதனால்தான் இரண்டும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்கிறேன்.

அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் 2014 நெறிமுறைகளில் மதிப்பீட்டுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. முதலில் அதைப் படியுங்கள். தான் பயிற்சி பெறாத தேர்வை ஆலோசகர் பயன்படுத்தக் கூடாது, தேர்வின் நோக்கத்தை ஆலோசனைக்கு வந்தவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், வேறொரு மக்கள் கூட்டத்தை வைத்து உருவாக்கிய தேர்வை எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் கேள்வியாக மாற்றிப் பாருங்கள். விளக்கியதாக ஆலோசகர் சொல்கிறார். வந்தவருக்கு உண்மையில் என்ன புரிந்தது? இந்த ஒன்றே ஒரு ஆய்வேட்டுக்குப் போதும்.

ஆய்வு முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். "நீங்கள் அறநெறியைப் பின்பற்றுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். 1987-ல் அமெரிக்க உளவியலாளர் கென்னத் போப்பும் உடன் ஆய்வாளர்களும் உளவியலாளர்களிடம் 83 செயல்களைப் பட்டியலிட்டு, இதை எத்தனை முறை செய்கிறீர்கள், இது சரியென்று நினைக்கிறீர்களா என்று இரண்டையும் கேட்டார்கள். நம்பிக்கைக்கும் நடத்தைக்கும் உள்ள இடைவெளி அப்படிக் கேட்டால்தான் தெரியவரும். பெயர் கேட்காதீர்கள். உங்களிடம் மதிப்பெண் வாங்கும் மாணவர்களையோ, நீங்களே ஆலோசனை தருபவர்களையோ ஆய்வில் சேர்க்காதீர்கள். அவர்களால் மனம்விட்டு மறுக்க முடியாது. யாருக்காவது தீங்கு நடப்பது ஆய்வின் நடுவே தெரியவந்தால் என்ன செய்வீர்கள் என்பதை, அறநெறிக் குழுவிடம் அனுமதி கேட்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வேலை பற்றி வீட்டில் படும் கவலை நியாயமானதுதான். 'அறநெறி ஆய்வாளர்' என்ற பெயரில் பணியிடங்கள் மிகக் குறைவு. ஆனால் ஒரு வினா குறிப்பிட்ட குழுவுக்குப் பாதகமாக இருக்கிறதா என்று பகுத்துக் காட்டத் தெரிந்தவருக்குத் தேர்வு உருவாக்கும் நிறுவனங்களில் இடம் உண்டு. ஆலோசகர்களுக்குப் பயிற்சி தரும் துறைகளிலும், உரிமம் வழங்கி முறையீடுகளை விசாரிக்கும் அமைப்புகளிலும் இந்த இரட்டை அறிவு பயன்படும். நேரடி ஆலோசனைப் பணியை மட்டும் முழுதாக விட்டுவிடாதீர்கள்.

நெறியாளரைத் தேடும்போது, அவருக்கு அளவியல் பழக்கம் இல்லையென்றால், ஆய்வுக் குழுவில் அது தெரிந்த ஒருவரைச் சேர்க்க முடியுமா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.