பழைய அடுக்குமாடி வீட்டை வாடகைக்கே விட்டு வைப்பதா, விற்றுவிடுவதா?

வாடகை தவறாமல் வருகிறது, ஆனால் கட்டடத்துக்கு வயதாகிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையில் வரியையும் பராமரிப்புக் கட்டணத்தையும் கழித்து மிச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன், பெரிய பழுது வந்தால் செலவழிக்கச் சங்கத்திடம் பணமும் உரிமையாளர்களிடம் மனமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

என் வீட்டில் குடியிருந்தவர் குளியலறைக் கூரை ஒழுகுவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தபோது, பூச்சு பெயர்ந்த இடத்தில் தெரிந்த கம்பி, விரல் பட்டதுமே செதில் செதிலாக உதிர்ந்தது. அரிக்கப்பட்ட இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைத் துரு அடைத்துக்கொள்வதால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே சிமெண்ட் பூசி மறைப்பதால் அது நிற்காது என்று, நான் அழைத்துவந்த பொறியாளர் எழுதிக் கொடுத்தார். ஒழுகியது பொதுக் குழாய் என்பதால் தனியாக நான் கைவைக்க முடியாது. சங்கக் கூட்டத்தில், அங்கேயே குடியிருக்கும் உரிமையாளர்கள் பணம் போடச் சம்மதித்தார்கள். வாடகைக்கு விட்டிருந்தவர்களில் பலர் வரவேயில்லை, வந்த சிலரும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மாதந்தோறும் வாடகை வாங்குகிறவர்கள், அந்தக் கூரைக்குக் கீழே உறங்குகிறவர்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காதது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1981இல் கட்டப்பட்ட சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத் குடியிருப்பு, 2021 ஜூனில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீர்க்காப்பு கெட்டுக் கான்கிரீட் சேதமடைந்திருப்பதை 2018இலேயே பொறியாளர் ஒருவர் அறிக்கையில் சொல்லியிருந்தார். கான்கிரீட் வேலை தொடங்கும் முன்பே கட்டடம் விழுந்துவிட்டது. பழைய கட்டடமெல்லாம் விழும் என்று நான் பயமுறுத்தவில்லை. தள்ளிப்போடும் சங்கத்தில் பங்காளியாக இருக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் விற்றேன். தொல்லையை வாங்கியவர் தலையில் கட்டிவிட்டதாகச் சிலர் நினைக்கலாம். பொறியாளர் அறிக்கையை அவர் கையில் கொடுத்து, அதற்கேற்ப விலையைக் குறைத்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் சங்கத்தில் பழுது நிதி சேர்ந்துகொண்டிருந்து, லிப்ட், குழாய்கள், மொட்டைமாடி நீர்க்காப்பு ஆகியவற்றை எப்போது மாற்றுவது என்று திட்டமும் இருந்தால், வயதை மட்டும் காரணமாக வைத்து விற்க வேண்டாம்; கட்டடம் தேய்ந்தாலும், மனையில் உங்களுக்குப் பங்கு இருக்குமானால் அது தேய்வதில்லை. விற்பதென்று முடிவானால் குடியிருப்பவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். வேறு வீடு தேட அவருக்கு அவகாசம் வேண்டும்; வீட்டைப் பார்க்க வருகிற தரகர் மூலமாக அவருக்கு அந்தச் செய்தி போகக்கூடாது.